‘உப்பு’ செயல்திட்டம், 7ஆம் வகுப்பு முதல் பருவம்: கற்றல் விளைவுகளோடு இணைப்பது எப்படி?

பதிவு 1 | கச்சான்காற்று

வணக்கம். வாலிநோக்கம் உப்பளம் பக்கம் நடுநிலைப் பள்ளி. 7ஆம் வகுப்பில் 28 பிள்ளைகள், நான் அறிவியல் டீச்சர். ஜூலை கடைசி வாரம் தொடங்கி மூன்று வாரத்துக்கு ‘உப்பு’ என்ற ஒரே தலைப்பில் எல்லாப் பாடத்தையும் சேர்த்து ஒரு செயல்திட்டம் போட்டிருக்கிறோம். “கற்றல் விளைவுகளை எழுதிக் கொடுங்க, அப்புறம் பார்ப்போம்” என்கிறார் தலைமையாசிரியர். அதாவது, முடிவில் பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல். எழுத உட்கார்ந்தால் 23 வந்துவிட்டது. தாளில் பார்க்கப் பந்தாவாக இருக்கிறது, எனக்கே நம்பிக்கை இல்லை.

இப்போது வைத்திருப்பவை:

– உப்பளத்தை நேரில் பார்த்து, அங்கே வேலை செய்பவரிடம் பேட்டி
– பள்ளியில் தார்ப்பாய் விரித்து 1 மீ × 1 மீ மாதிரிப் பாத்தி
– கடல்நீர், உப்பள நீர், கிணற்று நீர் அடர்த்தி ஒப்பீடு
– உப்புச் சத்தியாகிரக நாடகம்
– உப்பு பற்றிய சொலவடைத் தொகுப்பு, சார்ட்
– ஆங்கிலத்தில் ஒரு பத்தி, உப்பு ஓவியம்

எதை வெட்டுவது, எதை வைப்பது?

பதிவு 2 | சரிவகம்

டீச்சர், 28 பிள்ளைகள், 23 விளைவுகள். பெருக்கினால் 644 சான்றுகள். மூன்று வாரத்தில் யார் திருத்துவது? பாடத்துக்கு ஒன்று, உங்கள் அறிவியலுக்கு மட்டும் இரண்டு, மொத்தம் ஐந்து. அதற்கு மேல் எழுதினால் தாளில்தான் இருக்கும்.

வெட்டுவதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாடத்தை உருவி எடுத்தால் செயல்திட்டம் நொண்டுமா? உப்பு ஓவியத்தை எடுத்தால் ஒன்றும் ஆகாது. அது ஒட்டு. ஆங்கிலப் பத்தியும் ஒட்டு. தமிழில் எழுதியதை ஒரு தடவை மொழிபெயர்த்து வைப்பதால் ஆங்கிலத்தில் புதிதாக எதையும் கற்கப் போவதில்லை.

சத்தியாகிரக நாடகத்தை விட மனசு வராது, தெரியும். ஆனால் 7ஆம் வகுப்பு வரலாற்றில் விடுதலைப் போராட்டமே கிடையாது. சோழர், டெல்லி சுல்தான்கள், விஜயநகரம், முகலாயர் என்று போகிறது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்தது 10ஆம் வகுப்புப் பாடம். நாடகம் போடுங்கள், இலக்கிய மன்றத்தில் போடுங்கள். இந்தத் திட்டத்தின் விளைவுக் கட்டத்தில் எழுதாதீர்கள்.

சமூக அறிவியலில் உங்களுக்கு உண்மையில் ஒட்டுவது பொருளியல். ‘உற்பத்தி’ முதல் பருவத்திலேயே இருக்கிறது. நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு என்ற நான்கையும் ஒரே வரப்பில் நின்று காட்ட உப்பளத்தைவிட வேறு இடம் வேண்டாம்.

கணக்கில் முதல் பருவத்தில் இரண்டு வாய்ப்பு. ஒன்று, நேர் – எதிர் விகிதம். இன்னொன்று, அளவைகளில் வரும் சரிவகப் பரப்பு. உப்பள வரப்பை நெட்டுக்கு வெட்டாமல் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சரிவகம். (என் பெயருக்காகச் சொல்லவில்லை.) சராசரியை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். இப்போதுள்ள புத்தகத்தில் சராசரி, இடைநிலை அளவு, முகடு எல்லாம் மூன்றாம் பருவம். நடத்தாததைத் திட்டத்தில் போட்டு, பிள்ளைக்குத் தெரியவில்லை என்று மதிப்பெண் குறைக்கக் கூடாது.

பதிவு 3 | அளவுசாடி

மேலே சொன்னது சரி. அடர்த்தியும் எதிர் விகிதமும் ஒரே பருவத்தில் வருகிறது, அதை விடாதீங்க. இரண்டையும் கட்டிப் போடும் கருவி மிதவை அளவி (ஹைட்ரோமீட்டர்). மிதக்கும் குழாய் எவ்வளவு ஆழம் மூழ்குதோ, அது அடர்த்திக்கு எதிர் விகிதம். நீளம் × அடர்த்தி = மாறிலி. கணக்கு சார் தனியாக உதாரணம் தேட வேண்டியதில்லை, குழாயே கணக்குப் போட்டுக் காட்டும்.

சோதனைக்குழாயில் மணல் போட்டுச் செய்யலாம் என்று பல கையேடுகளில் இருக்கும். செய்து பார்த்தால் சாயும். கண்ணாடியே 12, 13 கிராம் கனம், அந்தக் கனம் முழுக்க உயரத்தில் பரவிக் கிடக்கு. நன்னீரில் நிமிர்ந்து நிற்கும், உப்பள நீரில் மேலே எழும்பியதும் சரிந்து பக்கத்தில் ஒட்டிக்கும். சுவர் மெல்லிசா, கனம் முழுக்க அடியில் இருக்கணும். அதுக்கு உறிஞ்சுகுழல்தான் சரி. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. எனவே காகிதக் குழல்.

ஒரு குழுவுக்கு (4 பேர்) வேண்டியது:

– 6 மி.மீ. விட்டம், 20 செ.மீ. நீளக் காகிதக் குழல் 2 (ஒன்று கெடும்)
– மெழுகுவத்தி
– மி.மீ. வரைபடத்தாளில் 1 செ.மீ. அகலத் துண்டு
– சைக்கிள் கடையில் 3/16 அங்குல பால்ரஸ் குண்டு 5. ஒன்று சுமார் 0.44 கிராம், ஐந்து 2.2 கிராம்
– அளவுசாடி 100 மி.லி.

வரைபடத்தாளைக் குழலில் சுற்றி ஒட்டி, பூஜ்யம் அடிநுனியில் வரும்படி பென்சிலில் எண் போடுங்க. பேனா மை கரையும். அடியை மெழுகால் அடைச்சு, குண்டு ஐந்தையும் போட்டு, மேலே ஒரு சொட்டு மெழுகு விட்டு நிறுத்துங்க. இல்லாட்டி கவிழ்க்கும்போது குண்டு உருளும். பிறகு முழுக் குழலையும் உருகிய மெழுகில் ஒரே முக்கு முக்கி எடுக்கணும். இந்த வேலையை ஆசிரியர் செய்யணும், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். மெழுகை நேரடித் தீயில் காட்டாமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் டப்பா வைத்து உருக்குங்க.

நன்னீரில் 12 செ.மீ. அளவுக்கு மூழ்கணும். குறைந்தால் வாய் வழியா மெல்லிய கம்பித் துண்டு போடுங்க. கூடினால் மேல் நுனியில் அரை செ.மீ. வெட்டுங்க. 12.0 வந்ததும் மற்றவை இப்படி வரும்:

நன்னீர்: 12.0 செ.மீ.
கடல்நீர் (அடர்த்தி 1.025): 11.7
ஒரு லிட்டர் நீரில் 300 கிராம் கல் உப்பு: 10.2
உப்பு படியத் தொடங்கும் உப்பள நீர் (உப்பளத்தில் நீரின் செறிவைச் சொல்லும் போமே அளவில் 25 டிகிரி, சூடு அல்ல; அடர்த்தி 1.21 அருகே): 9.9

கடல்நீருக்கு வித்தியாசம் 3 மி.மீ. தான். அதனால் வாசிப்பில் கவனம் வேணும். குழல் சாடியின் சுவரைத் தொட்டால் நீர் ஏறி 1 மி.மீ. பொய் சொல்லும். குமிழி ஒட்டியிருந்தால் மேலே தூக்கும், குழலைச் சுண்டி விடுங்க. கண் நீர்மட்டத்துக்கு இறங்கணும், சாடியைத் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டுவரக் கூடாது. எல்லா நீரையும் ஒரே நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அளங்க. பாத்தியிலிருந்து எடுத்த நீர் சூடாக இருக்கும்.

பதிவு 4 | கச்சான்காற்று

அளவுசாடி சார், மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பிள்ளைகள் கேட்கப் போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: “டீச்சர், வடகடல் உப்பா, தென்கடல் உப்பா?” (வடகடல் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடா.) பாம்பனில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கத் தண்ணீரும் பாட்டிலில் வந்துவிடும். இரண்டாவது, கிணறு. ஊருக்குள் ஒரு கிணறு சப்பென்று இருக்கும், இன்னொன்று வாயில் வைக்க முடியாது. இந்தக் குழல் இரண்டையும் பிரித்துக் காட்டுமா?

பதிவு 5 | வடகடல்

காட்டாது. இரண்டுமே காட்டாது. அருமையான கேள்விகள்தான், ஆனால் இந்தக் கருவிக்கு ஆகாத கேள்விகள்.

மழைக்காலம் முடிந்து பாக் நீரிணைப் பக்கம் உப்பு கொஞ்சம் இறங்கும். லிட்டருக்கு 2 கிராம் வித்தியாசம் என்றே வையுங்கள். குழலில் அது 0.2 மி.மீ.கூட வராது. பென்சில் கோட்டின் தடிமன் அதைவிட அதிகம். பிள்ளைகள் எதையாவது வாசித்து “தென்கடல்தான் உப்பு” என்று எழுதி, அதற்கு நாம் ‘முடிவுகளைப் பெறுகிறார்’ என்று டிக் போட்டால், கற்ற விளைவு நேர்மாறானது.

கிணறு இன்னும் மோசம். குடிக்கவே முடியாத கிணற்றில்கூட லிட்டருக்கு 3, 4 கிராம் இருக்கும். அதுவும் அரை மி.மீ.க்குள். கிணற்றுக்கு இரண்டு வழி:

ஒன்று, டி.டி.எஸ். மீட்டர். பேனா மாதிரி இருப்பது, நீரில் கரைந்த திடப்பொருளின் அளவைக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500இல் கரைந்த திடப்பொருள் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிவிட்டுக் கிணறுகளை வரிசைப்படுத்தலாம். அந்த மீட்டரைக் கடல்நீரில் முக்காதீர்கள், பெரும்பாலானவை 9,990க்கு மேல் காட்டாது. ஆசையாக இருந்தால் 10 மி.லி. கடல்நீரோடு 90 மி.லி. நன்னீர் கலந்து அளந்து, பத்தால் பெருக்குங்கள். 3,500 வர வேண்டிய இடத்தில் 3,000 பக்கம் நின்றால் மீட்டர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அது உப்பை எடை போடுவதில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, ஒரு எண்ணால் பெருக்கிச் சொல்கிறது. ஒப்பிட மட்டும் பயன்படும்.

இரண்டு, வற்றவைத்து எடை போடுவது. தராசைப் பொறுத்தது. மளிகைக்கடைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே பார்க்காது. அதில் 200 மி.லி. கடல்நீர் வற்றவைத்தால் 7 கிராம், முன்னே பின்னே ஒரு கிராம். ஏழில் ஒன்று பிழை. ஒரு லிட்டராக எடுங்கள், 35 கிராம் வரும், பிழை சிறுக்கும். நாலு எவர்சில்வர் தட்டில் 250, 250 மி.லி.யாக ஊற்றினால் ஆழம் 5 மி.மீ. தான், வெயிலில் ஓரிரு நாளில் வற்றும். கச்சான் காற்று அடிக்கிற மாதம், மணல் வந்து விழும். மேலே கொசுவலைத் துணி கட்டுங்கள். இல்லையென்றால் மணலையும் சேர்த்து எடை போடுவீர்கள்.

வற்றியதை வெயிலிலிருந்து எடுத்த கையோடு எடை போடுங்கள். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் போட்டால் கூடியிருக்கும், கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பதிவு 6 | கரும்பலகைத்துடைப்பான்

எல்லாம் சரிங்க. இவ்வளவு மெனக்கெட வேண்டாம். முதலில் செயல்பாட்டை ஜாலியாகப் பண்ணிடுங்க. முடிஞ்சதும் புத்தகத்தைப் புரட்டினா எந்த விளைவு ஒத்துவருதோ அதை எழுதிக்கலாம். பார்வைக்கு வர்றவங்க தாளைத்தான் பார்க்கப் போறாங்க.

பதிவு 7 | சரிவகம்

தாளைப் பார்ப்பார்கள் சார், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் எழுதினால் சான்று இருக்காது. விளைவை முன்னால் எழுதுவது பார்க்க வருகிறவருக்காக அல்ல. எந்த நாளில், எந்தப் பிள்ளையிடமிருந்து, என்ன வாங்கி வைப்பது என்று நமக்குத் தெரிவதற்காக.

வினைச்சொல்லைப் பாருங்கள். ‘அளவிடுகிறார்’ என்று இருந்தால் அவன் அளந்த எண் வேண்டும். ‘விளக்குகிறார்’ என்றால் அவன் வாயாலோ எழுத்தாலோ சொன்னது வேண்டும். ‘தீர்க்கிறார்’ என்றால் அவன் தனியாகப் போட்ட கணக்கு வேண்டும். குழுவாகச் செய்த மாதிரி உப்பளமும் சார்ட்டும் இந்த மூன்றில் எதற்கும் சான்று இல்லை. சார்ட்டில் நல்ல கையெழுத்துக்காரி ஒருத்தி எழுதியிருப்பாள், மற்ற மூவர் பசை தடவியிருப்பார்கள்.

கணக்குக்கு நான் சொல்வது இது. கடைசி நாள், உப்பள நீர் பாதி, நன்னீர் பாதி கலந்து சாடியில் வையுங்கள். அடர்த்தி 1.10 என்று பலகையில் எழுதுங்கள். குழலை மூழ்கவிடும் முன்பே, “எத்தனை செ.மீ. மூழ்கும்?” என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். 12 ÷ 1.10 = 10.9. சீட்டை வாங்கிய பிறகுதான் குழலை விடுவது. எதிர் விகிதம் புரியாத பிள்ளை 12 × 1.10 போட்டு 13.2 என்று எழுதும். உப்புநீரில் இன்னும் ஆழமாக மூழ்கும் என்று அர்த்தம், அதைப் படித்ததுமே யாருக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். 28 சீட்டு, ஒரு பீரியட். சான்று என்பது இதுதான்.

பதிவு 8 | சொலவடை

தமிழ் எடுப்பவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம். ‘உப்பு’ வன்தொடர்க் குற்றியலுகரம், ‘சேறு’ நெடில்தொடர், ‘கிணறு’ உயிர்த்தொடர் என்று பட்டியல் போட்டு இலக்கணத்தை இணைத்துவிட்டோம் என்று யாராவது சொல்வார்கள். சொற்கள் சரி, இணைப்பு பொய். எந்தச் சொல்லை வைத்தும் அதைச் செய்யலாம், உப்பளம் வரை போக வேண்டியதில்லை. சரிவகம் சாரின் நொண்டும் கேள்வியில் அது தேறாது.

தேறுவது வேறு ஒன்று. முதல் இயலில் பேச்சுமொழியும் எழுத்துமொழியும் வருகிறது. உப்பளப் பேட்டியை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். முறை இப்படி:

குழுவுக்கு ஒரு பிள்ளை கேள்வி கேட்க, மற்ற மூவரும் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுவது. “தண்ணி கட்டுனா நாலு நாள்ல பூக்கும்ல” என்றால் அப்படியே. வகுப்புக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தாம் எழுதியதில் ஐந்து வாக்கியத்தை எடுத்து இடப்பக்கம் பேச்சு வடிவம், வலப்பக்கம் எழுத்து வடிவம் என்று எழுத வேண்டும். தொழிற்சொற்களை மாற்றக் கூடாது. ‘பாத்தி’, ‘வாருதல்’, ‘டிகிரி’ அப்படியே இருக்கட்டும். இங்கேதான் பிள்ளைகள் தவறுவார்கள். எழுத்துவழக்கு என்றால் கடினமான சொல் போட வேண்டும் என்று நினைத்து ‘உப்பு வாரினார்’ என்பதை ‘லவணம் சேகரித்தார்’ ஆக்குவார்கள். வழக்கு மாறுவது பெரும்பாலும் வினைமுற்றிலும் வேற்றுமை உருபிலும்தான் என்று காட்ட இதைவிட நல்ல தவறு கிடைக்காது.

கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். “உப்பளம் பற்றிச் சொல்லுங்க ஐயா” என்று கேட்டால் ஒன்றும் வராது. “இன்னைக்கு உப்பு வார்றதா இல்லையான்னு எதப் பாத்து முடிவு பண்ணுவீங்க, அண்ணே?” என்று கேட்டால் கொட்டும். வேலை செய்பவர் அக்கா என்றால் அக்கா, வயதானவர் என்றால் தாத்தா. ‘திரு.’ எல்லாம் எழுதும்போது போட்டுக்கொள்ளலாம்.

சொலவடைத் தொகுப்பு? இருக்கட்டும், வகுப்புச் சுவரில். மதிப்பெண் வேண்டாம். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும்.

பதிவு 9 | கச்சான்காற்று

சொலவடை ஐயா, ‘லவணம்’ படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தோம். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அப்படியே எழுதுவார்கள்.

சரிவகப் பரப்பையும் சேர்க்கலாமா, கணக்குக்கு ஒன்றே போதுமா? வரப்பை எப்படி அளப்பது? மாதிரிப் பாத்தியில் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும், எத்தனை நாள் ஆகும்?

பதிவு 10 | சரிவகம்

ஒன்றே போதும். நேரமிருந்தால் வரப்பைப் பயிற்சியாக வையுங்கள், மதிப்பீடு வேண்டாம். அளக்கும்போது ஒன்று மட்டும்: பிள்ளைகள் டேப்பை வரப்பின் சரிவிலே படுக்கவைத்து அதையே உயரம் என்று எழுதுவார்கள். மேலகலம் 60, கீழகலம் 120, உயரம் 40 செ.மீ. உள்ள வரப்பில் சரிவு நீளம் 50 வரும். சரியான பரப்பு ½ × (60 + 120) × 40 = 3,600 சதுர செ.மீ. சரிவைப் போட்டால் 4,500. மண் கணக்கில் கால் பங்கு கூடிவிடும். வரப்பின் மேல் விளிம்பிலிருந்து ஒரு குச்சியைப் படுக்கையாக வெளியே நீட்டி, அதன் நுனியில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு நூலை அளக்கச் சொல்லுங்கள். குச்சி சாய்ந்தால் அதுவும் பொய், ஒரு பிள்ளை தள்ளி நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

பதிவு 11 | அளவுசாடி

பாத்திக்கு: 1 மீ × 1 மீ, 2 செ.மீ. ஆழம் என்றால் 20 லிட்டர், ஒரு குடத்துக்கு மேல. செங்கல்லை நாலு பக்கமும் வரிசையா வச்சு தார்ப்பாயை மேலே மடிச்சு விடுங்க. கறுப்புத் தார்ப்பாய் நல்லது, சூடு பிடிக்கும். தரை மட்டமா இருக்கணும், 1 செ.மீ. சரிஞ்சாலும் ஒரு ஓரம் காய்ஞ்சு மறு ஓரம் குட்டையா நிற்கும். மொத்தம் ஒரு வாரம் வச்சுக்கோங்க.

நாலாம் நாள் பிள்ளைகள் முகம் தொங்கிடும். “உப்பே வரலை டீச்சர்” என்பாங்க. கடல்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கின பிறகுதான் உப்பு படியும். 20 லிட்டர் 2 லிட்டராகணும். அதுக்கு முன்னாடி வெள்ளையா ஏதோ படியும். அது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும், நாக்கில் வச்சாலும் கரிக்காது. (நாக்கில் வைக்கச் சொல்லலை.) இந்த நாட்களை வீணாக்காதீங்க. தினமும் காலை ஒரே நேரத்தில் அளவுசாடியில் பாத்தி நீரை எடுத்துக் குழலை விட்டு வாசிச்சு, நீரைத் திரும்பப் பாத்தியில் ஊற்றட்டும். 11.7, 11.5, 11.2 என்று இறங்கிட்டே வரும். அறிவியலுக்கு உங்க ரெண்டாவது விளைவு, ‘தரவுகளைப் பதிவு செய்து முடிவுக்கு வருகிறார்’ என்பது, இந்த அட்டவணையில்தான் இருக்கு. உப்பு வந்த நாளில் இல்லை.

எடை: 20 லிட்டரில் கரைஞ்ச மொத்தம் 700 கிராம். ஆனா கடைசியில் மிஞ்சற கசப்பு நீரை வடிச்சுட்டு உப்பை மட்டும் வாரினா 500க்குக் கீழதான் வரும். லிட்டருக்கு 35 கிராமில் சாப்பாட்டு உப்பு 27 கிராம் சுமார்தான், மீதி மெக்னீசியம் மாதிரி மற்றவை. பிள்ளைகள் ‘200 கிராம் காணோம்’ என்று எழுதினா அடிக்காதீங்க, ஏன் காணோம்னு கேளுங்க.

பதிவு 12 | வளரறி_அ

மதிப்பெண் பற்றி யாரும் சொல்லவில்லையே. செயல்பாடுகளுக்கான வளரறி (அ) 20, சிறுதேர்வுகளுக்கான வளரறி (ஆ) 20, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி 60. இந்தத் திட்டம் (அ)வில் வரும் செயல்பாடு. நான்கு பாடத்திலும் ஒரே செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போடலாம், ஆனால் ஒரே மதிப்பெண்ணை நான்கு பதிவேட்டில் நகல் எடுக்கக் கூடாது. இதுதான் பல இடத்தில் நடக்கும் தவறு. ‘செயல்திட்டம் 8/10’ என்று நான்கு பாடத்திலும் 8 இருந்தால், நான்கு விளைவும் அளக்கப்படவில்லை என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

கணக்கு ஆசிரியர் துண்டுச்சீட்டை மட்டும் திருத்தட்டும். தமிழாசிரியர் ஐந்து வாக்கியத்தை மட்டும். சார்ட்டின் அழகுக்கு யாரும் மதிப்பெண் கொடுக்க வேண்டாம். பத்து மதிப்பெண்ணைக் கணக்கில் இப்படிப் பிரிக்கலாம்: அட்டவணையை அலகோடு எழுதியது 3, நீளம் × அடர்த்தி ஏறத்தாழ மாறாமல் வருவதைப் பெருக்கிக் காட்டியது 3, சீட்டில் முன்கூட்டிச் சொன்னது 4. விடை 10.9க்குப் பதில் 11 என்றாலும் வழி சரியென்றால் முழு மதிப்பெண்.

இன்னொரு எச்சரிக்கை. மத்திய அரசின் பாடத்திட்ட அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2017இல் வெளியிட்ட கற்றல் விளைவுகள் பட்டியலிலிருந்து எடுத்து எழுதுகிறவர்கள் கவனிக்க: அதில் நேர் – எதிர் விகிதக் கணக்குகள் 8ஆம் வகுப்பில் இருக்கிறது. நம் மாநிலப் புத்தகத்தில் 7ஆம் வகுப்பு. இரண்டையும் கலந்தால் ‘இது இந்த வகுப்பு விளைவே இல்லையே’ என்ற கேள்வி வரும். பாடத் தொடக்கத்தில் நம் புத்தகம் கொடுத்திருக்கும் கற்றல் நோக்கத்தின் சொற்களை அப்படியே எடுத்து, பக்க எண்ணோடு எழுதிவிடுங்கள்.

பதிவு 13 | வடகடல்

உப்பளப் போக்குக்கு: உரிமையாளர் அல்லது மேற்பார்வையாளர் அனுமதியும், பெற்றோர் கையெழுத்தும் முன்பே. காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள், அதன் பிறகு வெள்ளைத் தரை கண்ணைப் பறிக்கும். தொப்பி, குடிநீர், மூடிய செருப்பு. வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் காலும் எரியும், அவர்கள் பக்குவப்படுத்திய தரையும் கெடும். ஐப்பசிக்குத் தள்ளிப்போடாதீர்கள், மழை விழுந்தால் உப்பளம் வெறும் தண்ணீர்க்காடு.

பொருளியல் சான்றுக்கு அங்கேயே ஒரு வேலை: ஒவ்வொரு பிள்ளையும் கண்ணில் பட்ட எட்டுப் பொருளை எழுதி, நிலமா, உழைப்பா, மூலதனமா என்று பிரிக்கட்டும். பம்பு மோட்டார் மூலதனம் என்று எல்லோரும் எழுதுவார்கள். வெயிலையும் காற்றையும் எங்கே போடுவது என்று திணறுவார்கள். இயற்கை தருவது எல்லாம் ‘நிலம்’ என்ற காரணியில் அடங்கும் என்பது அங்கேதான் பிடிபடும்.

பதிவு 14 | கச்சான்காற்று

திருத்திய தாள். 23 போய் 5:

அறிவியல் 1: திரவங்களின் அடர்த்தியை ஒப்பிடுகிறார். சான்று: மூன்று திரவத்தில் குழல் வாசிப்பு, தனித்தாள்.
அறிவியல் 2: தரவுகளைப் பதிவு செய்து முடிவுக்கு வருகிறார். சான்று: ஏழு நாள் அட்டவணை, அடியில் மூன்று வரி.
கணக்கு: எதிர் விகிதக் கணக்கைத் தீர்க்கிறார். சான்று: மூழ்கவிடும் முன் துண்டுச்சீட்டு.
சமூக அறிவியல்: உற்பத்திக் காரணிகளை வகைப்படுத்துகிறார். சான்று: எட்டுப் பொருள் பட்டியல்.
தமிழ்: பேச்சுமொழியை எழுத்துமொழியாக மாற்றுகிறார். சான்று: ஐந்து வாக்கியம்.

கிணற்று நீரை டி.டி.எஸ். மீட்டரோடு தனியாக மூன்றாம் பருவத்துக்கு வைத்துவிட்டேன். அப்போது சராசரியும் வந்திருக்கும், கிணற்றுக்கு ஐந்து வாசிப்பு எடுத்துச் சராசரி போடலாம்.

பதிவு 15 | கரும்பலகைத்துடைப்பான்

ஐந்து வரி. பார்க்க வர்றவங்களுக்கும் படிக்க ஈசி. ஒத்துக்கறேன்.

பதிவு 16 | அளவுசாடி

அறிவியல் 1இல் ‘மூன்று திரவம்’ எவைன்னு எழுதிடுங்க: நன்னீர், கடல்நீர், உப்பள நீர். இல்லாட்டி யாராவது கிணற்று நீரைக் கொண்டுவந்து ஊற்றிடுவாங்க. ‘நன்னீர்’ என்று சாடியில் ஊற்றுவது ஊர்க்கிணறா இருக்கக் கூடாது. கேன் தண்ணீர் அல்லது மழைநீர். எல்லா அளவும் அந்த 12.0ஐ வச்சுத்தான் நிற்குது.

முடிஞ்சதும் மிஞ்சற கசப்பு நீரையும் கலவையையும் பள்ளி வேப்பமரத்தடியிலோ கிணற்றோரமாகவோ கொட்ட விடாதீங்க. குடத்தில் பிடிச்சுக் கடலுக்கே கொண்டுபோய் ஊற்றுங்க. பாத்தியில் வாரின உப்பு சத்துணவுக்கூடத்துக்குப் போகக் கூடாது, தார்ப்பாய்த் தூசியும் மணலும் அதில் இருக்கும். தராசுத் தட்டைக் கழுவித் துடைச்சு வைங்க, உப்பு பட்ட தராசு அடுத்த வருஷம் இருக்காது.